பவர் விண்டோ பாதியில நிக்குதா? மோட்டார மாத்துறதுக்கு முன்னாடி

சார், மன்னார்குடி வண்டி, டிரைவர் பக்கக் கண்ணாடி பாதி ஏறி நின்னுடுது, கொஞ்சம் ஆற விட்டா திரும்ப ஏறுதுன்னு சொல்றீங்க, அது பெரும்பாலும் மோட்டார் சூடாகி உள்ள இருக்குற கட்-ஆஃப் (சூடானா கரண்ட துண்டிக்கிற பாகம்) நிறுத்துறதுதான். முதல்ல கண்ணாடி ஓடுற ரப்பர் சேனலப் பாருங்க, அறுவடை நேரத்துல நம்ம ரோட்டுல நெல்லு காயுதே, அந்தத் தூசியும் சுணையும் உள்ள அடைஞ்சா மோட்டார் திணறும், ஈரத்துணியால துடைச்சு காஞ்சதும் சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க, கிரீஸ் வேண்டவே வேண்டாம், மண்ணு ஒட்டிக்கும். அப்பவும் சரியாகலன்னா டோர் பேட (கதவோட உள்பக்க மூடிய) கழட்டி, மோட்டார் கனெக்டரோட ரெண்டு பின்னுக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப் வச்சு ஸ்விட்ச அழுத்துங்க, பளிச்சுன்னு எரிஞ்சா கரண்ட் வருது, கோளாறு பெரும்பாலும் மோட்டார்லதான். கண்ணாடி நகராம மோட்டார் சுத்துற சத்தம் மட்டும் வந்தா, கண்ணாடிய ஏத்தி இறக்குற ரெகுலேட்டரோட கேபிள் அறுந்திருக்கலாம். மோட்டார், ரெகுலேட்டர் போல்ட்டத் தொடுறதுக்கு முன்னாடி கண்ணாடிய முழுசா மேல தூக்கி டேப் போட்டு ஒட்டிடுங்க, இல்லன்னா கை மேலயே இறங்கிடும்.