விஷமே இல்லாத தண்ணீரில் மீன்கள் ஏன் சாகின்றன? - சில கேள்விகளும் பதில்களும்

ஏரிகளிலும் ஆறுகளிலும் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிப்பது பல ஆண்டுகளாக என் வேலை. மனிதர்களின் செய்கையால் இயற்கைச் சூழல் எப்படிக் கெடுகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். காட்டையும் காற்றையும் பற்றிய கேள்விகளில் அதிகம் நிற்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது தண்ணீர்.

கேள்வி: ஏரியில் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டதாகப் பேச்சு. ஆனால் சோதனையில் விஷம் எதுவும் இல்லை என்று வந்தது. பிறகு எப்படிச் செத்தன?

மூச்சுத் திணறித்தான். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்வதோ 9 மில்லிகிராம். வெப்பம் 30 டிகிரிக்கு ஏறினால் அதுவும் ஏழரையாகக் குறைந்துவிடும். மீன்கள் காலம் தள்ளுவது இந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டுதான்.

ஏரி கரும்பச்சையாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பாசி பகலில் வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை உண்டாக்கும். இருட்டியதும் அந்த வேலை நின்றுவிடும். ஆனால் மூச்சு விடுவது நிற்காது. இரவு முழுவதும் மீனும் பாசியும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் ஒரே கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குக் கருவியில் லிட்டருக்கு 14 மில்லிகிராம் காட்டிய அதே இடம், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒன்றுக்கும் கீழே காட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது. இரண்டு நாள் மழைமேகம் மூடி, காற்றும் அசையாமல் இருந்தால் மூன்றாம் நாள் விடியலில் ஏரி செத்துக் கிடக்கும். பத்து மணிக்கு வந்து மாதிரி எடுப்பவருக்கோ தண்ணீர் மறுபடி நன்றாகத்தான் இருக்கும். உங்கள் சோதனை எத்தனை மணிக்கு நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: பாசி இயற்கையானதுதானே? அதற்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்?

பாசிக்குச் சோறு போடுகிறவன் மனிதன். எந்தச் சோறு என்பதில் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. கார்பன்தான் காரணம் என்று சோப்புத்தூள் தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய தூளில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் இருந்தது. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளரின் குழுவினர் 226 என்று எண்ணிட்ட ஏரியின் இடுங்கிய நடுப்பகுதியில் ஒரு திரையைக் கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போன பாதி பச்சைக் கூழாக மாறியது. மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வாதாட அதிகம் மிச்சமில்லை.

இன்று அந்தப் பாஸ்பரஸ் வருவது வயலில் இட்ட உரத்திலிருந்து, கழிவுநீரிலிருந்து, கால்நடைச் சாணத்திலிருந்து. கடலில் நைட்ரஜனும் பெரும் பங்கு வகிக்கிறது. மிசிசிப்பி ஆறு சுமந்து வரும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவின் அடித்தண்ணீரில் கோடைதோறும் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு ஆக்சிஜன் வற்றிவிடுகிறது. அதற்குச் ‘செத்த மண்டலம்’ என்றே பெயர்.

கேள்வி: மக்கும் சோப்பு என்று எழுதியிருக்கிறதே, அதை ஆற்றில் பயன்படுத்தலாமா?

வேண்டாம். மக்குவது என்றால் நுண்ணுயிர் தின்பது. தின்னும்போது அது ஆற்றின் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். கரையிலிருந்து தள்ளி, மண்ணில் ஊற்றுங்கள்.

இதே கணக்கில் என் மாணவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு பால். ஒரு லிட்டர் சாக்கடை நீர் மக்குவதற்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு லட்சம் மில்லிகிராம் வரை வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கும் பால், ஓடையில் ஒரு லாரி கவிழ்ந்தால் சாக்கடையைவிடக் கொடியது. ‘இது விஷமா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எது, எவ்வளவு, எங்கே போய்ச் சேருகிறது என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

கேள்வி: கடல் எவ்வளவு பெரியது! கொஞ்சம் கழிவு கலந்தால் நீர்த்துப்போய்விடாதா?

சில பொருள்கள் நீர்த்துப்போகும். சில, உயிருள்ள உடல்களில் மறுபடி செறிந்துவிடும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை பாதரசக் கழிவை விட்டுவந்தது. நீரில் இருந்த அளவு சிறிதுதான். அதை மிதவை உயிரிகள் எடுத்துக்கொண்டன; அவற்றைச் சிறு மீன், சிறு மீனைப் பெரிய மீன். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் செறிவு பெருகியது. அந்த மீனைத் தின்ற பூனைகள் முதலில் வலிப்பு வந்து சுழன்று விழுந்தன. 1956இல் மனிதர்களின் நோயாக அது அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. பூனைகளைப் பார்த்தபோதே விழித்திருக்க வேண்டியவர்கள் விழிக்கவில்லை.

கேள்வி: பிளாஸ்டிக்தானே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து?

கண்ணுக்குத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. பிளாஸ்டிக்கை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை; கைவிடப்பட்ட மீன்வலைகள் கடலில் ஆண்டுக்கணக்காக உயிர்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கின்றன. ஆனால் 2019இல் பல்லுயிர் குறித்து வெளிவந்த ஐ.நா. ஆதரவு பெற்ற உலக மதிப்பீடு வேறு வரிசையைத் தருகிறது. நிலத்திலும் நன்னீரிலும் முதல் காரணம் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது, அதாவது காட்டை அழிப்பது, சதுப்பைத் தூர்ப்பது. கடலில் முதல் காரணம் அளவுமீறிப் பிடிப்பது. மாசு அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. இந்தப் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. துணிப்பை தூக்குவது சதுப்பைக் காப்பதைவிடச் சுலபம்.

தண்ணீரை எடுத்துவிடுவதும் சேதம்தான். மத்திய ஆசியாவின் ஆரல் கடல் என்ற உப்பேரிக்கு வந்த இரண்டு ஆறுகளை 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். உப்பு ஏறியது, மீன் ஒழிந்தது, கப்பல்கள் மணலில் நின்றன.

கேள்வி: நகரத்து மழைநீர் சுத்தமானதுதானே?

மேகத்திலிருந்து வரும்போது பெரும்பாலும் சுத்தம். சாலையைக் கழுவிக்கொண்டு ஓடையில் இறங்கும்போது அல்ல. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் மழை பெய்தவுடன், முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடாமலே சாவது நெடுநாள் புதிராக இருந்தது. 2020இல் விடை கிடைத்தது: டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் சேர்க்கும் ஒரு பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது, தேய்ந்த டயர்த்தூளோடு அது ஓடையில் இறங்குகிறது.

கேள்வி: வெளிச்சமும் மாசு என்கிறார்களே?

ஆம். கடலாமைக் குஞ்சுகள் இரவில் ஒளி மிகுந்த அடிவானத்தை நோக்கி ஊர்ந்து கடலைக் கண்டடைகின்றன. கரையில் விளக்கு எரிந்தால் சாலைக்குப் போய்விடுகின்றன. அணைத்த நொடியே தீர்ந்துவிடும் மாசு இது.

கேள்வி: ஒருமுறை கெட்ட நீர்நிலை மறுபடி தேறுமா?

தேறும், சில சமயம் வியப்பாக. லண்டனின் தேம்ஸ் ஆற்றை 1957இல் உயிரற்றது என்றே அறிவித்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்ட பிறகு 1974இல் அங்கே சால்மன் மீன் பிடிபட்டது. ஓடும் நீருக்கு அந்த வசதி உண்டு; கழிவை நிறுத்தினால் பழையதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆழமில்லாத ஏரி அப்படியல்ல. பல ஆண்டு பாஸ்பரஸ் அதன் சேற்றில் படிந்திருக்கும். வெளியிலிருந்து வருவதை முழுக்க அடைத்தாலும், அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் சேறு அதைத் திரும்ப மேலே விடும். ‘கோடிக்கணக்கில் செலவழித்தும் இன்னும் பச்சையாகவே இருக்கிறதே’ என்று திட்டுவார்கள். கணக்கு பழையது, வட்டியோடு தீர வேண்டும்.

கேள்வி: மீன்கள் சாவதைக் கண்டால் உடனே நான் என்ன செய்யலாம்?

முதலில் நேரத்தைக் குறியுங்கள். பெரிய மீன்கள் முதலில், விடியலை ஒட்டிச் செத்திருந்தால் ஆக்சிஜன் குறைவை நினைக்கலாம். சிறியவை முதலில், அல்லது நண்பகலில் எல்லாமே ஒன்றாகச் செத்திருந்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். சுத்தமான கண்ணாடிப் புட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். பனிக்கட்டியில் வைத்து, மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அன்றே கொண்டுபோங்கள். செத்த மீனை யாரும் தின்ன எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.