படகு பேட்டரிக்குச் சோலார்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை செய்துகொண்டு, பெர்ணம் ஆற்றில் சிறு படகு வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வாகன மின்வேலை என் தொழில். கணக்குகள் அனைத்தும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்கானவை.

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மீன் பிடிக்கப் போகிறேன். இடையில் பேட்டரிக்கு வேலையே இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் என்ஜின் கிளம்ப மறுக்கிறது. சோலார் போட்டால் சரியாகுமா?

முதலில் திருடனைப் பிடியுங்கள் தம்பி. நல்ல பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. நம் வெக்கையில் கொஞ்சம் கூடும். ஒரே வாரத்தில் படுத்துவிடுகிறது என்றால், பேட்டரி கிழடாகியிருக்க வேண்டும் அல்லது ரேடியோ, மீன் காட்டும் கருவி, உப்பேறிய வயர் என்று ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் செய்து, இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பேட்டரி மேல் குற்றமில்லை, வயரிங்கைத் தேடுங்கள். 12.2 என்றால் பாதி காலி.

எத்தனை வாட் சோலார் தகடு வாங்குவது?

படகில் தண்ணீர் இறைக்கும் பம்ப் தானாக ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது. பம்ப் இல்லையென்றால் 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 5 வாட்டே போதும். 10 வாட் தாராளம். 10 வாட் தகடு நல்ல வெயிலில் அரை ஆம்பியருக்குச் சற்று மேலே தரும். முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் சுமார் 2 ஆம்பியர்-மணி சேரும். பேட்டரி ஒரு நாளில் தானாக இழப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

பம்ப் இருந்தால் கதை வேறு. சிறிய பம்ப் ஓடும்போது இரண்டு, இரண்டரை ஆம்பியர் இழுக்கும். அக்டோபர், நவம்பரில் மாலைதோறும் கொட்டும் மழை திறந்த படகில் நிறைய, பம்ப் ஒரு மணி நேரம் ஓடினாலே 10 வாட் தகட்டின் அன்றைய உழைப்பு போய்விடும். மேகம் சூழ்ந்த நாட்களில் வரவு பாதிதான். மழை பெய்யும் அதே நாட்களில்தான் வரவும் குறைகிறது. அதனால் 20 வாட்டுக்குக் கீழே போகாதீர்கள். படகுக்கு நல்ல தார்ப்பாய் போட்டு மூடினால் அதைவிடப் புத்திசாலித்தனம்.

சின்னத் தகட்டுக்கு, சார்ஜ் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் கண்ட்ரோலர் தேவையில்லை என்கிறார் கடைக்காரர்.

5 வாட் வரை அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். 12 வோல்ட் தகடு என்ற பெயர்தானே தவிர, சுமை இல்லாதபோது அது 20 வோல்ட்டைத் தாண்டும். தடுக்க ஆளில்லாவிட்டால் பேட்டரி நீர் குமிழியிட்டு வற்றிவிடும். மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து கட்டுப்படுத்தும் சாதாரண பி.டபிள்யூ.எம். வகைக் கண்ட்ரோலரே போதும், முழுதாக ஏறியதும் 13.6 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்தும். முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு தகட்டை, கழற்றும்போது தலைகீழ் வரிசையில். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ், மறக்காதீர்கள்.

படகைச் செம்பனை மரங்களுக்கு அடியில் ஏற்றி வைத்திருக்கிறேன் ஐயா. கொஞ்சம் நிழல் விழுந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். தகட்டின் செல்கள் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒரு செல்லின் மேல் மட்டையின் நிழல் விழுந்தாலே மொத்த வரவும் சரிந்துவிடும். நீளமான வயர் போட்டுத் தகட்டை மட்டும் வெயிலில் வையுங்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 4 பாகை வடக்கே; கிட்டத்தட்ட படுக்கையாகவே வைக்கலாம். மழை கழுவிவிடும் அளவுக்கு லேசான சாய்வு இருந்தால் சரி.

செத்த பேட்டரியைச் சோலார் எழுப்புமா?

எழுப்பாது. காலியான பேட்டரிக்கு 10 வாட் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பட்டறையில் சார்ஜ் செய்துவிட்டு, நிறைந்ததை நிறைவாக வைக்கவே சோலாரைப் பயன்படுத்துங்கள்.

படகுத்துறையில் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களே?

அப்படிப்பட்ட இடமென்றால் சோலாரே வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றோட்டமான இடத்தில் மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். தகட்டையும் பூட்டையும் வாங்குவதைவிட மலிவு.