டெல்லியில் ஓராண்டுப் பயிற்சி: குடும்பத்தோடு கிளம்பும் முன் எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது?

கேள்வி: என் மனைவி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர். டெல்லியில் ஓராண்டு ஃபெல்லோஷிப் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூலையில் சேர வேண்டும். மருத்துவமனை சம்பளமில்லா விடுப்பு தருகிறது. ஆனால் திரும்பி வந்து மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் 10 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டு கேட்கிறது. கூடவே அசல் சான்றிதழ்களும், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலையும் வேண்டுமாம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி உண்டு. நான்காம் வகுப்பு படிக்கும் மகனும் எங்களோடு வருகிறான். அவன் பள்ளியில் அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். சொந்த வீட்டை ஒத்திக்கு விட்டுவிடு என்கிறார்கள் உறவினர்கள். டெல்லி வீட்டுக்காரர் 11 மாத ஒப்பந்தம், அது முழுக்க லாக்-இன், அதாவது நடுவில் காலி செய்ய முடியாது என்கிறார். 2018இல் வாங்கிய டீசல் காரை ஓட்டிக்கொண்டு போக நினைக்கிறோம். எதில் எல்லாம் கவனம் தேவை?
— வாசகர், மதுரை

பதில்: இத்தனை காகிதங்களில் முதலில் உங்கள் கைக்கு வர வேண்டியது பயிற்சி நிறுவனத்தின் நியமனக் கடிதம். சேரும் தேதி, முடியும் தேதி, உதவித்தொகை எவ்வளவு, நடுவில் நிறுத்த யாருக்கு உரிமை, எத்தனை நாள் முன்னறிவிப்பு, காலம் நீட்டிக்கப்படுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாததை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் பணியாற்ற அங்குள்ள மருத்துவக் கவுன்சிலில் தனிப் பதிவு தேவையா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். தொலைபேசியில் சொன்னதை நம்பி வீட்டைக் காலி செய்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பாண்டு, வாடகை, பள்ளி எல்லாம் இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

நீங்கள் வரிசையில் முதலாவதாகச் சொல்லியிருக்கும் பாண்டுதான் உண்மையிலேயே ஆபத்தானது. 'பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்லியிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு தடுக்கும் 'தொழில் தடை'க்குள் அது வராது என்பது நீதிமன்றத்தின் கருத்து.

ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்து உங்கள் மருத்துவமனை 10 லட்சத்தை அப்படியே வசூலித்துவிட முடியாது. அங்கே எதிரில் இருந்தது ஒரு பொதுத்துறை வங்கி. ஒருவர் போனால் விளம்பரம், தேர்வு என்று முறைப்படி மீண்டும் ஆள் எடுக்க வேண்டிய செலவு அதற்கு இருந்தது. அதே சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நீதிமன்றம் தருவது அதற்குள் அடங்கும் நியாயமான இழப்பீடு. உங்கள் மனைவிக்கோ சம்பளமில்லா விடுப்பு. பயிற்சிச் செலவில் ஒரு ரூபாயும் மருத்துவமனையுடையது அல்ல. பிறகு 10 லட்சம் இழப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். இதைச் சொல்லி இப்போதே பேரம் பேசுங்கள். மூன்று ஆண்டை ஒன்றாகக் குறைக்கக் கேளுங்கள். தொகையும், வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஏற்பக் கழிந்துகொண்டே வர வேண்டும். திரும்பி வரும்போது அதே பதவியும் குறைந்தபட்சம் பழைய சம்பளமும் உண்டு என்று அவர்களும் எழுதித் தர வேண்டும். அவர்களைக் கட்டுப்படுத்தும் ஒரு வரிகூட இல்லாத பாண்டாக இருந்தால், ராஜினாமா செய்துவிட்டுப் போவதே நல்லது என்பேன். பயிற்சி முடித்த டாக்டருக்கு வேலை கிடைக்காமல் போகாது.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்கவே கூடாது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் டாக்டர்கள் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. அதைவிட எளிய காரணமும் உண்டு: டெல்லியில் சேரும் நாளில் அசலைத்தான் கேட்பார்கள்.

காசோலை விஷயத்தில் சமரசமே வேண்டாம். தொகை எழுதாத காசோலையை மற்றவர் பூர்த்தி செய்து வங்கியில் போட்டாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் அனுமானிக்கும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அனுமானத்தை உடைக்கும் வேலை உங்கள் தலையில் விழும். சிவில் வழக்காக முடிய வேண்டிய பாண்டுத் தகராறு, அந்த ஒரு தாளால் கிரிமினல் வழக்காகிவிடும்.

அடுத்தது மதுரை வீடு. ஒத்தி வேண்டாம். ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அடமானம். பதிவு செய்தாக வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும்வரை வீடு ஒத்திக்காரரிடம்தான் இருக்கும். அந்தப் பணம் டெல்லி அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம் என்று கரைந்துபோயிருந்தால், அடுத்த ஜூலையில் நீங்கள் உங்கள் ஊரிலேயே வாடகை வீடு தேட வேண்டியதுதான். மாத வாடகைக்கு விடுங்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தமும், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்வதும் கட்டாயம். 11 மாதம்தானே என்று பதிவை விட்டுவிட இந்தச் சட்டத்தில் இடமில்லை. நீங்கள் திரும்பி வரும் மாதத்தை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுங்கள். சொந்தக் குடியிருப்புக்குத் தேவை என்பது வீட்டைத் திரும்பப் பெறச் சட்டம் ஏற்கும் காரணம். அது முதல் நாளிலிருந்தே காகிதத்தில் இருந்தால் பின்னால் வாதாட எளிது.

டெல்லியில் நிலைமை வேறு. மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. இன்று அதற்குள் அடங்கும் வீடு எங்கே இருக்கிறது? ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். பயிற்சி 12 மாதம், ஒப்பந்தம் 11 மாதம் என்பதைக் கவனித்தீர்களா? கடைசி மாதத்தில் வாடகையை ஏற்றினாலோ காலி செய்யச் சொன்னாலோ மூட்டை முடிச்சோடு நிற்பீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் அங்கே கட்டாயப் பதிவு. சரியாக 12 மாதம் என்றால் அதற்குள் வராது. அப்படியே எழுதச் சொல்லுங்கள். லாக்-இன் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். பிடிவாதம் பிடித்தால், பயிற்சி எந்தக் காரணத்தால் நின்றாலும் நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டி ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்ற ஒரு வரியாவது வேண்டும். அந்த வரிக்காக வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தகும். வாடகைதாரர் பற்றிய போலீஸ் சரிபார்ப்பை வீட்டுக்காரர் செய்வார்; ஒத்துழைத்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனின் பள்ளி கேட்பது சட்டப்படி தவறு. கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. படிக்கப்போகாத ஆண்டின் கட்டணம் பாக்கிகூட இல்லை. எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும். டெல்லிப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். ஜூலையில் போனால் தனியார் பள்ளிகளில் இடம் கிடைப்பது சிரமம். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு அங்கே 7 பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் விட்டுப்போகாமல் இருக்க அங்கே விசாரிக்கலாம்.

காரை மதுரையிலேயே விட்டுவிடுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவு. அந்த வகையில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் 2018 டீசல் கார் என்றால் பி.எஸ்.-4 என்ற பழைய புகைத் தரம். குளிர்காலத்தில் காற்று மாசு முற்றி, மாசு ஏற ஏறப் படிப்படியாக வரும் கட்டுப்பாடுகளில் மூன்றாம் கட்டம் வந்ததும் டெல்லியில் பி.எஸ்.-4 டீசல் கார்களுக்குத் தடை வந்துவிடும். 10 ஆண்டு முடிந்த டீசல் வாகனங்கள் பற்றிய உத்தரவுகள் வேறு அடிக்கடி மாறுகின்றன. இத்தனை தொல்லையோடு அதை அவ்வளவு தூரம் ஓட்டிப் போவானேன்?

வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்ற வேண்டியதில்லை. தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் மட்டும் ஒருவர் தன் வழக்கமான வசிப்பிடத்தை இழப்பதில்லை என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. வாடகைக்கு வருபவரிடமும் பக்கத்து வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள். சரிபார்க்க வருபவரிடம் 'அவர்கள் டெல்லிக்குப் போய்விட்டார்கள்' என்று மட்டும் பதில் சொன்னால் பெயர் நீங்கிவிடக்கூடும்.

உங்கள் அலுவலகம் தந்த அனுமதி வாய்மொழியாக இருந்தால், டெல்லி முகவரியைக் குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சாமான்களை லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, மதிப்போடு பட்டியல் போட்டு, லாரி நிறுவனத்தாரிடம் கையெழுத்து வாங்குங்கள். சேதமோ இழப்போ ஏற்பட்டால், சாமான்களை அனுப்ப புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் சாலை வழிச் சரக்குச் சட்டப்படி வழக்குப் போட முடியும். டெல்லியில் பெட்டிகளைப் பிரிக்காமலே ஆறு மாதம் ஓட்டிவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே என்று தேட வேண்டாம்.

பாண்டின் வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்துக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டு, மதுரையில் பணியாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் முழுதாகக் காட்டிவிடுங்கள். அவகாசம் தர மாட்டோம் என்றால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.