சுஷி பேக், அதாவது டிரேயில் பரப்பி ஓவனில் சுடும் சுஷி, வீட்டில் செய்ய ஆசை. பொன்னி அரிசி போதுமா? அம்மா பச்சை மீன் என்றாலே ஓடுவார், என்ன செய்வது?

பொன்னி போதாது. பச்சை மீன் இதில் கிடையவே கிடையாது. அவசரத்தில் கேட்டிருந்தால் இத்தோடு நீங்கள் கிளம்பலாம்.

நேரமிருந்தால் உட்காருங்கள். நீங்கள் அநேகமாக ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி டிரேயில் சோறு, மேலே செம்மஞ்சளாக ஏதோ ஒன்று பொரிந்துகொண்டிருக்கும். அதைக் கரண்டியால் அள்ளி ஒரு கருப்புக் கடற்பாசித் தாளில் வைத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார்கள். அன்றைக்கே மயோனைஸ் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. ஜப்பான் அரிசியின் விலையைப் பார்த்தபிறகுதான் வீட்டு மூலையில் இருக்கும் பொன்னி மூட்டை ஞாபகத்துக்கு வந்திருக்கும். தப்பில்லை, நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சமையல் நிபுணன் இல்லை. சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் பிரிவில் மணிலாக்காரப் பெண் ஒருவர் இருக்கிறார். பிலிப்பீன்ஸ்காரர்கள் எல்லோரும் அவரை 'ஆத்தே' என்பார்கள். அவர்கள் மொழியில் அக்கா. சேர்ந்த புதிதில் எனக்கு அது 'ஆத்தா' என்றே காதில் விழுந்தது. இத்தனை பேர் மாரியம்மன் பக்தர்களா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறேன்.

2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இங்கே வீட்டோடு அடைந்து கிடந்தோமே, அதே சமயத்தில் மணிலாவும் பூட்டிக் கிடந்தது. அங்கே வீட்டில் சமைத்து விற்றவர்கள் கையில்தான் இந்த டிரே சுஷி பெரிய மோகமாகக் கிளம்பியது. ஆத்தேயின் தங்கைகூட விற்றாராம். ஹவாயில் அதற்கு முன்பே விருந்துகளுக்கு இப்படிச் செய்வார்கள் என்பார்கள். எப்படியோ, சாமான் எல்லாம் ஜப்பானுடையது, கைப்பக்குவம் ஜப்பானுடையது அல்ல.

இந்த இடத்தில் ஒருவர் வந்து "இது சுஷியே இல்லை" என்பார். எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் டோக்கியோவில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தவர். ஐயா, சுஷி என்பது மீனின் பெயர் இல்லை. வினிகர் கலந்த சோறுதான் சுஷிக்கு ஆதாரம். பச்சை மீனை மட்டும் சீவி வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. உருட்டாமல் சுருட்டாமல் சோற்றின்மேல் எல்லாவற்றையும் தூவிச் சாப்பிடுகிற சிராஷி ஜப்பானிலேயே உண்டு. அதை அடுப்பில் வைத்தது வேண்டுமானால் குற்றமாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, 2022 கடைசியில் அலுவலகத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. வழக்கமாக நான் கடையில் வடை வாங்கிக்கொண்டு போகிறவன். அந்த வருஷம் வீறாப்பாக "சுஷி பேக் நான் கொண்டுவருகிறேன்" என்று பெயர் கொடுத்துவிட்டேன். பொன்னியை வடித்தேன். அரிசி வினிகர் வாங்கச் சோம்பல், வீட்டிலிருந்த வெள்ளை வினிகரை ஊற்றினேன். ஆவியோடு மூக்கில் ஏறியது. சரிசெய்கிறேன் என்று சர்க்கரையைக் கொட்டி, அகப்பையால் கிண்டு கிண்டென்று கிண்டினேன்.

விருந்தில் நடந்தது இதுதான். முதல் ஆள் கரண்டியை விட்டு அள்ளினார். சோறு கரண்டியில் நிற்கவில்லை. பருக்கை பருக்கையாகக் கடற்பாசித் தாளிலிருந்து வழிந்து அவர் சட்டையில் கொட்டியது. மேலே இருந்த மயோனைஸ் எண்ணெய் கக்கி, உதிரிச் சோற்றின் இடுக்கு வழியாக இறங்கி டிரேயின் அடியில் குளமாக நின்றது. கிண்டின இடமோ களி. ஒரே டிரேயில் உதிரியும் களியும் எப்படிச் சேர்ந்து வரும் என்று கேட்காதீர்கள், எனக்கு வந்தது. ஆத்தே மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அரிசி என்ன அரிசி?" என்று மெதுவாகக் கேட்டார். அதிலேயே எல்லாம் இருந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை. அமைலோஸ் கூடினால் சோறு பொலபொலவென்று இருக்கும், நம் குழம்புக்கு அதுதான் அழகு. ஜப்பானின் குட்டை அரிசியில் அமைலோஸ் குறைவு, அதனால் பருக்கை உடையாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "பச்சரிசியைக் குழைய வைத்தால் ஆகாதா?" என்றால், அதையும் பார்த்தாயிற்று. பொங்கலுக்குப் போகிறது, சுஷிக்கு வரவில்லை. கலிஃபோர்னியாவின் கால்ரோஸ் அரிசி கிடைத்தால் எடுங்கள், அது சரிவரும்.

மறு வருஷம் அம்மா நாகப்பட்டினத்திலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த முறை சரியான அரிசியோடு, மறுபடி ஆரம்பித்தேன். குக்கரைத் திறந்து வினிகரை ஊற்றி அகப்பையை எடுத்தேன். பின்னாலிருந்து குரல்:

"டேய், சோத்த ஏன்டா அதுக்குள்ளயே போட்டு கிண்டுற? புளியோதரைக்கு எப்படிக் கலப்போம்? தாம்பாளத்துல கொட்டு."

கொட்டினேன். அகப்பையைப் பிடுங்கிக்கொண்டார். அதைக் கத்திபோலச் செங்குத்தாகப் பிடித்துச் சோற்றைக் கீறிக் கீறி, அடிச்சோற்றை மேலே புரட்டிவிட்டார். "அந்தப் பேப்பர எடுத்து விசிறு" என்றார். நான் விசிற விசிறச் சோற்றின்மேல் ஒரு மினுமினுப்பு ஏறியது. ஜப்பானில் இதே வேலையை அகலமான மரத்தொட்டியில் செய்கிறார்கள், தட்டையான கரண்டியால் வெட்டி, விசிறியால் விசிறி. அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் "அவன் எங்கிட்ட கத்துக்கிட்டான்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்து, கிராப் ஸ்டிக்கை உரித்துப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு துண்டை வாயில் போட்டார்.

"என்னடா இது?"

"நண்டும்மா."

"யாருகிட்ட சொல்ற? இது நண்டே இல்ல. மீனு. அதுவும் ருசியில்லாத மீனு."

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மீன் விழுது, மாவு, முட்டை வெள்ளைக்கரு. ஜப்பானில் 1970களில் வந்த சரக்கு. பெரும்பாலும் அலாஸ்கா பொல்லாக் என்ற மீனை அரைத்து, வேகவைத்து, சிவப்புச் சாயம் பூசியது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பாக்கெட்டுக்குள் வரும்போதே அது வெந்ததுதான். ஓவனில் வைப்பது சூடேறவும் மேலே சிவக்கவும் மட்டும்.

அளவு கேட்பீர்கள். ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் 2 கப் அரிசி, அதாவது சுமார் 300 கிராம். தண்ணீர் தெளியும்வரை கழுவி அரை மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் அரிசிக்குச் சமமாக, ஒரு கை கூடுதல். அரிசி வினிகர் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. இலேசாகச் சூடாக்கிக் கரைத்துக்கொள்ளுங்கள், கொதிக்க வேண்டாம். சோற்றை டிரேயில் பரப்பி மெதுவாக அழுத்துங்கள், செங்கல் மாதிரி அல்ல. அதன்மேல் ஃபுரிகாக்கே தாராளமாகத் தூவுங்கள். அது எள், கடற்பாசி, உலர்மீன் கலந்த பொடி. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாமோட்டோவில் ஒரு மருந்தாளர், ஜனங்களுக்குக் கால்சியம் போதவில்லை என்று மீன்முள்ளைப் பொடித்துச் செய்ததிலிருந்து வந்த வழி என்பார்கள். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு "எள்ளுப்பொடில கருவாட்டுத் தூள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மேலே 250 கிராம் கிராப் ஸ்டிக், அரை கப் மயோனைஸ், 100 கிராம் கிரீம் சீஸ், காரத்துக்கு ஸ்ரீராச்சா மிளகாய் சாஸ் ஒரு கரண்டி, எல்லாம் கலந்து பரப்புங்கள். மயோனைஸ், ஜப்பான் பிராண்டான கியூப்பி என்றால் உத்தமம். மஞ்சள் கரு மட்டும் போட்டுச் செய்வதால் கெட்டியாக இருக்கும். ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். வெளியே எடுத்தபின் மாம்பழமும் வெள்ளரிக்காயும் பொடியாக நறுக்கிப் போடுவது ஆத்தேயின் பழக்கம். மாம்பழமா என்று முகம் சுளிக்காதீர்கள். சைவக்காரர்களுக்கு கிராப் ஸ்டிக் இடத்தில் சிப்பிக் காளானைப் பிய்த்து, தண்ணீர் வற்றும்வரை வதக்கிப் போடலாம். ஆனால் மயோனைஸில் முட்டை, பொடியில் மீன், இரண்டையும் மாற்ற மறக்காதீர்கள். மறந்து ஒருமுறை நான் பட்டது தனிக் கதை.

டிரே 8 அங்குலச் சதுரம், 2 அங்குல ஆழம் வேண்டும். டிரே என்றதும் வயிறு எரிகிறது. அம்மா செய்த அன்றைக்கு மீந்ததை மேல்மாடியில் இருக்கும் ஊர்க்காரர் வீட்டுக்கு டிரேயோடு கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் பக்கத்துச் சாஸ்திரம். அவர்கள் காலியாகவும் தரவில்லை, நிறைத்தும் தரவில்லை. டிரே வரவே இல்லை. நான்கு மாதம் கழித்து நவராத்திரிக்குக் கூப்பிட்டார்கள். போனால், கொலுவுக்குப் பக்கத்தில் என் டிரே. மூலையில் அந்தச் சின்ன உடைசல்கூட அப்படியே. அதில் கொண்டைக்கடலைச் சுண்டல். எனக்கு இரண்டு கரண்டி வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. கேட்க வாய் வரவில்லை. மனைவி வீடு திரும்பும்வரை என்னைத்தான் திட்டினாள். இதைப் படித்தால் அவர்களுக்குப் புரியும், புரியட்டும்.

கடைசியாக, மீந்தால் வெளியே வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சோறு விறைத்துப்போகும், சுடவைத்தால் இளகும். கடற்பாசித் தாளைச் சாப்பிடும்போதுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பளம்போல நமுத்துவிடும். அம்மா ஊருக்குப் போனபின் வாராவாரம் போனில் நினைவூட்டுகிறார், வரும்போது 'அந்தக் கருப்புக் காகிதம்' பத்து பாக்கெட் வாங்கிவா என்று. சுஷிக்கு இல்லையாம், ரசம் சாதத்துக்காம்.