சி.எஸ்.ஆர். எல்லாம் வெறும் விளம்பரம்தானா? அந்த வேலைக்குப் போகலாமா?

நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு, ஏதோ ஒரு கம்பெனிக்கு சி.எஸ்.ஆர். வேலை, அதாவது லாபத்தில் ஒரு பங்கை ஊர் நன்மைக்குச் செலவழிக்கும் வேலை, செய்து கொடுக்கும் டிரஸ்டில் ஆஃபர் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடலூரில் அப்படி ஒரு டிரஸ்டில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்த டிரஸ்ட், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சட்டம் என்னவோ எளிமையானதுதான். 2013 கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே போதும், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்தாக வேண்டும். 2021க்கு அப்புறம் செலவாகாத பணத்தைக் கையிலும் வைத்துக்கொள்ள முடியாது, தனிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்ற வேண்டும். அதனால் கணக்கு வருடம் முடிகிற மார்ச் மாதம் எங்கள் ஆபீஸ் தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளிக்கடை மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு மார்ச்சில் அவசர அவசரமாக முளைத்ததுதான் ஒரு ஆர்.ஓ. பிளான்ட், உப்புத் தண்ணீரைக் குடிநீராக்குகிற இயந்திரம், மொத்தம் 14 லட்சம். சிப்காட்டை ஒட்டிய ஊர். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளைப் பார்த்து 43 இடங்களை மிக மோசம் என்று பட்டியல் போட்டதே, அதில் கடலூரும் உண்டு. ஊர் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது) முக்கினேன், 2,140. குடிக்கிற தண்ணீருக்கு 500க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால்தான் 2,000 வரை. பிளான்ட் தண்ணீரில் முக்கினால் 85. ஒரே கைதட்டல். ஒரு ஆயா மட்டும் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்குதே தம்பி" என்றது. பேனரில் ஊர் பெயரில் ஒரு எழுத்து தப்பு. கம்பெனி அதிகாரி போட்டோவில் கண்ணை மூடிவிட்டார் என்று அந்த ஆயா அதே குடத்தை மூன்று முறை பிடித்தது.

நாலாவது மாதம் ஃபில்டர் கேண்டில் பனைவெல்லம் நிறத்துக்கு வந்துவிட்டது. பஞ்சாயத்து மோட்டார் ஆபரேட்டர் அண்ணன் இரண்டு தடவை தன் கைக்காசில் மாற்றினார். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. பிளான்ட் ஒதுக்கித் தள்ளும் உப்பு மிகுந்த ரிஜெக்ட் தண்ணீரை எங்கே விடுவது என்றும் யாரும் யோசிக்கவில்லை. அது பின்னால் இருந்த வாழைத் தோட்டத்தில் போய் இறங்கி இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோக, தோட்டக்காரர் என் சட்டையைப் பிடித்தார், அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. எட்டாவது மாதம் உப்பைப் பிரிக்கிற மெம்பிரேன் போயிற்று. மாற்ற 50 ஆயிரம் சொச்சம். கம்பெனியில் கேட்டால், "அந்த புராஜெக்ட் போன வருடமே முடிந்ததே, இந்த வருடம் ஸ்மார்ட் கிளாஸ்" என்றார்கள்.

பலன் கிடைத்ததா என்று பார்க்கவும் விதி இருக்கிறது. ஆனால் 10 கோடிக்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனி, ஒரு கோடிக்கு மேல் உள்ள திட்டம் என்றால்தான் அது கட்டாயம். எங்கள் 14 லட்சத்தை யார் வந்து பார்ப்பார்கள்?

இதைப் படித்ததும், "அப்போ கம்பெனிகள் ஒன்றுமே செய்யக்கூடாதா, கேஸ் போடச் சொல்கிறாயா" என்று யாராவது கிளம்புவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அதே கம்பெனி பணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினோம், போன மாதம் போனபோதும் சுத்தமாக இருந்தது. காரணம், துப்புரவு அக்காவின் ஐந்து வருடச் சம்பளத்தையும் சேர்த்தே பட்ஜெட் போட்டிருந்தோம்.

எனக்கு வேறு ஒரு விஷயம்தான் உறுத்தல். வேறு சட்டப்படி எப்படியும் செய்தே தீர வேண்டிய வேலை சி.எஸ்.ஆர். கணக்கில் வராது. ஆலைக் கழிவைச் சுத்திகரிப்பது அப்படித்தான், அது சரியும்கூட. ஆனால் அதனால் என்ன ஆகிறது என்றால், லாபம் எப்படி வருகிறது என்கிற கேள்வி நம் பக்கமே வராது. ராத்திரியில் நாற்றம் தாங்கவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பெண்கள் எழுந்து கேட்டால் எங்கள் மேனேஜர், "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்பார். தண்ணீரைக் கெடுத்ததே ஆலைகள்தான் என்பது ஊர்க்காரர்கள் வாதம். அவர்கள் கையிலேயே ஆர்.ஓ. குடத்தைக் கொடுத்து போட்டோ எடுக்கிற வேலை என்னுடையது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். என் பெட்ரோல் காசு. சொந்த வண்டியில்தான் எல்லா ஊருக்கும் போவேன். பாண்டிச்சேரியில் விலை குறைவு என்று முள்ளோடை தாண்டிப் போய் டேங்க்கை நிரப்பி, டிரஸ்டுக்கு மிச்சம் பண்ணியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். "திட்டப் பகுதிக்கு வெளியே வாங்கிய பில்" என்று ஏழு மாத பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். பாண்டி என்றாலே எதற்குப் போனேன் என்று ஒரு சிரிப்பு வேறு! நான் குடிக்கிறவனே இல்லை.

சரி, வேலைக்குப் போகலாமா? போங்கள். சேர்ந்ததும் அவர்கள் மூன்று வருடத்துக்கு முன் முடித்த திட்டம் எது என்று கேட்டு, யாரிடமும் சொல்லாமல் தனியாக அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் பிளான்ட் ஷெட்டில் இப்போது பூட்டு தொங்குகிறது, ஜன்னல் கம்பியில் யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள், சுவரில் கம்பெனி லோகோ மட்டும் பெயின்ட் போகாமல் பளிச்சென்று இருக்கிறது.