ஒன்றரைக் கிலோமீட்டர் கட்டமும் சிங்கப்பூர் மழையும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தீவின் மேற்கே ஜூரோங்கில் மழை கொட்டும்போது கிழக்கே பிடோக்கில் வெயில் அடிக்கிறது. வானிலையைக் கணிக்கும் நுண்ணிய கணினி மாதிரி இருந்தும், இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாதா?

பதில்: சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் சேர்ந்து உருவாக்கிய 'சிங்-வி' மாதிரி, காற்றுவெளியை 1.5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. பெரிய கட்டங்களைக் கொண்ட உலகளாவிய மாதிரிகளில் ஓர் இடிமேகம் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் ஒளிந்துவிடுவதால், அதன் விளைவைத் தோராயச் சூத்திரங்களால்தான் சேர்க்க முடியும். இங்கோ, சூடான காற்று மேலெழுவதும், மழையோடு இறங்கும் குளிர்காற்று பரவி அடுத்த மேகத்தைக் கிளப்புவதும் நேரடியாகவே கணக்கில் வருகின்றன. எனினும், ஒரு மணி நேரம்கூட நீடிக்காத ஒரு மேகம் எங்கே முளைக்கும் என்பதைத் தொடக்கத் தரவிலுள்ள (கணக்கைத் தொடங்கும்போது மாதிரிக்குக் கொடுக்கும் வானிலை அளவீடுகளிலுள்ள) சிறு பிழையே மாற்றிவிடும். எனவே வரைபடம் ஜூரோங்கைக் காட்டினால், தீவின் மேற்கில் எங்கேனும் மழை என்று கொள்வதே சரியான வாசிப்பு.

கேள்வி: கட்டத்தை இன்னும் சிறிதாக்கலாமே?

பதில்: அகலத்தைப் பாதியாக்கினால், இரு கிடைத்திசைகளிலும் கட்டங்கள் இரட்டிக்கும், கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும், ஆக வேலை ஏறத்தாழ 8 மடங்கு. நகர வெப்பத்தை ஆராய 300 மீட்டர் மாதிரி உண்டு. ஆனால் மழையின் இடத்தைப் பொறுத்தவரை, கட்டத்தைவிடத் தொடக்கத் தரவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. நம்மைச் சுற்றியுள்ள கடற்பரப்பில் அளவீடுகள் குறைவு.

கேள்வி: சுமத்ரா சூறைக்காற்றை மட்டும் முன்கூட்டியே சொல்கிறார்களே?

பதில்: அது தனி மேகமன்று. இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ உருவாகி, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மை வந்தடையும் நீண்ட இடிமேக வரிசை. அளவில் பெரியது, நகரும் திசையும் தெரிந்தது என்பதால் மாதிரி அதைப் பிடிக்கிறது; வந்துசேரும் நேரம்தான் முன்பின் ஆகும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை பிற்பகல் விளையாட்டு விழா. எதை நம்புவது?

பதில்: தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாதிரியைப் பலமுறை ஓட்டுவார்கள். 12 ஓட்டங்களில் 8 மழையைக் காட்டினால், கூடாரத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். 2 காட்டினாலும், பிள்ளைகள் ஒதுங்க அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழுள்ள வெற்றுத்தளத்தைத் தயாராக வைத்திருங்கள். அன்று மதியத்துக்குப் பிறகு மாதிரியை விட்டுவிட்டு ரேடார் படத்தைப் பாருங்கள். இடி கேட்டால் திடலைக் காலி செய்யத் தயங்காதீர்கள்.