அழிக்காமல் வாருங்கள்: இணையக் குற்றங்கள் குறித்த கேள்வி-பதில்

கே: ஏற்காட்டில் தங்கிய விடுதி அறையின் சுவர்க் கடிகாரத்துக்குள் கேமரா போல ஏதோ தெரிந்தது. துணியால் மூடிவிட்டு, காலையில் கிளம்பி வந்துவிட்டோம். இனிப் புகார் கொடுக்க முடியுமா? (வாசகி, செவ்வாய்ப்பேட்டை)

ப: முடியும். ஆனால் அன்றிரவே ஏற்காடு காவல் நிலையத்துக்குச் சொல்லியிருந்தால் கருவியே கையில் சிக்கியிருக்கும். சம்மதமின்றி அந்தரங்கத்தைப் படமெடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்டவர் பெண் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் (பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பது, படமெடுப்பது) சேரும். சேலத்திலேயே உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டி அவர்கள் மறுக்கக் கூடாது. விடுதி ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

கே: முகநூலில் என்னை இழிவாக எழுதியவர் மீது 66-ஏ பிரிவில் வழக்குப் போடலாமா? (சூரமங்கலம்)

ப: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. அவர் என்ன எழுதினார் என்பதையே குறிப்பிடாமல் பிரிவை மட்டும் கேட்டால் எவரும் பதில் சொல்ல இயலாது.

கே: தங்கையின் படத்தை மார்பிங் செய்து இன்ஸ்டாகிராமில் பரப்பினார்கள். அவமானம் தாங்காமல், வந்த செய்திகளையெல்லாம் அழித்துவிட்டோம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கிறது, போதுமா? (ஓமலூர்)

ப: போதாது. இதைச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். சென்ற மாதம் ஒரு தாய், மகளின் படத்தைத் தாளில் அச்சிட்டு, நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். அதில் லிங்க் இல்லை, கணக்கின் பெயர் பாதி வெட்டுப்பட்டிருந்தது, தேதியும் இல்லை; மகனோ வீட்டில் போனையே ரீசெட் செய்து வைத்திருந்தான். குற்றவாளி அழிக்க வேண்டியதை நம் வீட்டுப் பிள்ளைகளே அழித்துக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பதிவின் முழு லிங்க், கணக்கின் பெயர், தேதி, நேரம், செய்தி வந்த அதே போன் ஆகியவை வேண்டும். நகலைத் தாக்கல் செய்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு நகலுக்கான சான்றிதழும் வேண்டும்.

உங்களுக்கு இன்னும் வழி அடைபடவில்லை. போனை இனி யாரும் தொட வேண்டாம். இன்றே சைபர் குற்றப் பிரிவில் ஒப்படையுங்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரின் பேரில் நீக்கிய பதிவையும் இன்ஸ்டாகிராம் நிறுவனம் 180 நாள் விசாரணைக்காக வைத்திருக்க வேண்டும். அதற்குள் காவல்துறை கேட்டுப் பெற வேண்டும். மார்பிங் படத்தை நீக்க நிறுவனத்துக்கு உள்ள கெடு மணிக் கணக்கில்தான். எனவே லிங்கைக் குறித்துக்கொண்டு அங்கேயும் புகார் அனுப்புங்கள்.

கே: வாட்ஸ்அப் குழுவில் எவரோ போட்ட ஆபாசப் படத்துக்கு அட்மின் பொறுப்பாவாரா? (ஆத்தூர்)

ப: அட்மின் என்பதால் மட்டும் ஆகமாட்டார், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் அப்படித்தான் கூறியது. அவருக்கும் அதில் பங்கிருந்தால் கதை வேறு.

கே: சிறுமி ஒருத்தியின் ஆபாச வீடியோ வந்தது. பெற்றோரை எச்சரிக்கப் பிறருக்கு அனுப்பலாமா? (அம்மாபேட்டை)

ப: கூடவே கூடாது. அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின் கீழ் குற்றம். புகார் செய்யாமல் வைத்திருப்பதும் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் சிக்க வைக்கும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இங்கே ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்காதீர்கள். அனுப்பியவரின் எண்ணையும் வந்த நேரத்தையும் தாளில் எழுதிக்கொண்டு, போனோடு இன்றே காவல் நிலையம் செல்லுங்கள்.